நிற்கத் தெரியுமா?

கோடை வந்துவிட்டால் ராத்திரிச் செய்தியின் கடைசியில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். எந்த ஊரில் எத்தனை டிகிரி என்று. வேலூரும் திருத்தணியும் அதில் தவறாமல் இருக்கும். நாமும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "ஐயோ பாவம் திருத்தணி" என்று சொல்லிவிட்டுச் சேனலை மாற்றுவோம். ஆனால் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். "வெயிலைக்கூடத் தாங்கிக்கலாம் சார். இந்தப் புழுக்கத்தைத்தான் தாங்க முடியல."

புழுக்கத்தை ஆடி மாதத்தில் பார்க்க வேண்டும். ராத்திரி ஒரு மழை தூறிவிட்டுப் போயிருக்கும். விடிந்தால் வானம் மூட்டமாக இருக்கும். வெயில் இல்லையே என்று நம்பி நாலு தெரு நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். துடைக்கத் துடைக்க வியர்க்கும். காற்று என்று ஒன்று இருப்பதே சந்தேகமாகிவிடும்.

அப்படியொரு விடியற்காலையில் அரக்கோணத்திலிருந்து திருத்தணி போகும் சாலை ஓரமாக நின்றால் மூன்று வகை மனிதர்களைப் பார்க்கலாம். முதலாவது, போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு நொடி கூடினாலும் அடுத்த தேர்வுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரத்தானுக்காக ஓடிப் பழகுகிறவர்கள். விலை உயர்ந்த ஷூ, எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று சொல்லும் கைக்கடிகாரம். மூன்றாவது, ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் உடுத்தி, தோளில் பூக்காவடி சுமந்து, வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள்.

வயது வேறு, வசதி வேறு, நோக்கம் வேறு. ஆனால் இந்த மூன்று பேருக்கும் ஊரும் உறவும் சொல்லி அனுப்பும் புத்திமதி ஒன்றேதான். "என்ன ஆனாலும் சரி, நடுவுல நின்னுடாதே!"

இந்த வாரம் அந்தப் புத்திமதியைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பாதியில் நிற்பது எப்போதுமே தோல்விதானா? உடம்பு "வேண்டாம்" என்று கெஞ்சும்போது மனசு அதை அதட்டி ஓட்டுவதற்கு நாம் வீரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எல்லா நேரத்திலும் அது வீரம்தானா?

தத்துவத்துக்குப் போவதற்கு முன்னால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். உடம்பை விட்டுவிட்டு மனசைப் பற்றிப் பேசுவதுதான் இந்த விஷயத்தில் நாம் வழக்கமாகச் செய்யும் கோளாறு.

வீட்டில் மண்பானை வைத்திருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். பானையின் மேல் கசிகிற ஈரம் காற்றில் காய்கிறது. காயும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதே பானை அடைமழைக் காலத்தில் அவ்வளவு குளிராது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் பானையின் ஈரம் எங்கே போய்க் காயும்?

நாமும் நடமாடும் மண்பானைகள்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுசாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை உடம்பிலிருந்து கொண்டுபோய்விடும். ஆனால் அது காய வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் உப்பும் தண்ணீரும் நஷ்டம், சூடு அப்படியே மிச்சம். ஆடி மாதப் புழுக்கத்தில் நடப்பது இதுதான். வியர்வை ஆறாகப் பெருகும். உடம்பு குளிராது.

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கிலோ கலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்குக்கும் மேல் சூடாகத்தான் மாறுகிறது. 45 என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உடம்பின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற 50 கிலோ கலோரி போதும். அதாவது, வெளியேற வழியே இல்லாமல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். சாதாரணமாக 37 டிகிரியில் இருக்கிற உடம்பு நாலே கிலோமீட்டரில் ஆபத்தான எல்லைக்குப் போய்விடும். நல்லவேளையாக எப்போதும் கொஞ்சமாவது சூடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் நம்மை உயிரோடு வைத்திருக்கிறது.

உள்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் முதலில் நொடித்துப்போவது கால் என்றுதானே நினைப்போம்? இல்லை. பல நேரங்களில் கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். யோசனைதான் முதலில் தடுமாறும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். பேச்சு குழறும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாது. யாராவது பிடித்து நிறுத்தினால், "விடுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கையைத் தட்டிவிடத் தோன்றும். (இப்படி ஒருவரைப் பார்த்தால் அவரோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். நிழலில் கிடத்தி, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம்.)

இங்கேதான் விஷயம் தத்துவம் ஆகிறது. நிற்கலாமா, ஓடலாமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது மூளை. அந்த நீதிபதிதான் முதலில் மயங்கி விழுகிறார். நாற்காலி காலியாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்திலிருந்து "ஓடு, ஓடு" என்று குரல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. அதை நாம் மனஉறுதி என்று நினைத்துக் கைதட்டுகிறோம்.

1912-ஆம் ஆண்டு ஜூலை 14. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மாரத்தான். குளிர் தேசமான ஸ்வீடனில் அன்றைக்கு நம்மூர் மாதிரி வெயில். ஓடத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரை மட்டும் பார்ப்போம்.

ஒருவர் போர்ச்சுகலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லசாரோ. தச்சு வேலை செய்தவர். வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்ற உடம்பில் மெழுகு போன்ற பூச்சைத் தடவிக்கொண்டு ஓடினார் என்று சொல்கிறார்கள். பானையின் துவாரங்களை அடைத்தது போல் ஆயிற்று. சுமார் 30 கிலோமீட்டர் வரை ஓடி விழுந்தார். மறுநாள் காலையில் இறந்துபோனார். நவீன ஒலிம்பிக் வரலாற்றில் போட்டியின்போது விழுந்து உயிரைவிட்ட முதல் வீரர் அவர்.

இன்னொருவர் ஜப்பானைச் சேர்ந்த ஷிசோ கனகுரி. இருபது வயது மாணவர். கூடப் படித்தவர்கள் காசு வசூல் செய்து அனுப்பி வைத்திருந்தார்கள். கப்பலிலும் ரயிலிலும் இரண்டு வாரத்துக்கு மேல் பயணம் செய்து போய்ச் சேர்ந்தவர். பாதி தூரம் தாண்டியதும் வெயில் அவரையும் அடித்துப் போட்டது. சாலை ஓரத்து வீடு ஒன்றில் ஒதுங்கினார். அந்த வீட்டார் பழரசம் கொடுத்தார்கள். குடித்தார், படுத்தார், பிறகு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். வெட்கம்! ஸ்வீடன்காரர்களின் கணக்கில் அவர் காணாமல் போனவர்.

இந்த இரண்டு பேரில் யார் வீரர் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். செத்தவருக்கு நினைவுச் சின்னம். நின்றவருக்கு அவமானம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கனகுரி ஓடுவதை நிறுத்தவில்லை. 1920-லும் 1924-லும் மறுபடி ஒலிம்பிக்கில் ஓடினார். இன்றைக்கும் ஜப்பான் முழுக்கப் புத்தாண்டு சமயத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைக்கிற ஹகோனே தொடர் ஓட்டம் 1920-ல் தொடங்கியதற்கு அவரும் ஒரு காரணம். 1967-ல் ஸ்வீடன்காரர்கள் அவரைக் கண்டுபிடித்து, "வந்து உங்கள் ஓட்டத்தை முடித்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்தார்கள். 75 வயதில் போய் எல்லைக்கோட்டைத் தொட்டார். எடுத்துக்கொண்ட நேரம் 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. நடுவில் கல்யாணம், ஆறு பிள்ளைகள், பத்துப் பேரப்பிள்ளைகள். 92 வயது வரை வாழ்ந்தார்.

லசாரோவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு இந்த விஞ்ஞானம் எதுவும் தெரியாது. ஆனால் கனகுரி அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் ஒதுங்காமல் இருந்திருந்தால் பின்னால் வந்த ஐம்பத்து நாலு வருடங்களும் இல்லை. ஒருவர் எந்த இடத்தில் நின்றார் என்பதை வைத்து மட்டும் எடை போட்டால் அதற்கப்புறம் அவர் ஓடியதெல்லாம் கணக்கில் வராமலே போய்விடும்.

இன்னொரு கதை இதைவிட வலிக்கும். 1954 ஆகஸ்ட் 7, கனடாவின் வான்கூவர். பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் விளையாட்டுப் போட்டி. இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் அப்போது உலகின் மிக வேகமான மாரத்தான் வீரர். வெயிலில் மற்றவர்களை எங்கோ பின்னால் விட்டுவிட்டு ஸ்டேடியத்துக்குள் நுழைகிறார். இரண்டாவதாக வருபவருக்கும் அவருக்கும் சுமார் 17 நிமிட இடைவெளி. நுழைந்ததும் விழுகிறார். எழுகிறார். மறுபடி விழுகிறார். தவழ்கிறார். கடைசியில் வேறு ஏதோ ஒரு கோட்டை எல்லைக்கோடு என்று நினைத்து அங்கேயே சரிகிறார். உண்மையான கோட்டுக்கு இன்னும் சுமார் 200 கஜம் பாக்கி. அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். 17 நிமிடம்! வழியில் ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மெதுவாக நடந்து வந்திருந்தால்கூட அவர்தான் முதல். நிற்பது அவரைத் தோற்கடித்திருக்காது. நிற்காததுதான் தோற்கடித்தது.

சரி, இப்படியே போனால் ஒரு சிக்கல் வரும். காலையில் அலாரம் அடித்ததும், "இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு ஓடிக்கலாம்" என்று ஒரு குரல் கேட்கிறதே, அதுவும் "நில்" என்றுதானே சொல்கிறது? பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தை மூடச் சொல்வதும் அதே குரல்தான். அந்தக் குரலை மீறாத எவரும் எதையும் சாதித்ததில்லை. பத்தாவது கிலோமீட்டரில் "முடியல" என்று தோன்றுவது சகஜம். அதைத் தாண்டினால்தான் பதினோராவது கிலோமீட்டர். நிற்பதையே பெரிய ஞானமாக்கிவிட்டால் சோம்பேறித்தனத்துக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்த கதை ஆகிவிடாதா?

நியாயமான கேள்வி. "முடியல" என்பதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று சொகுசின் குரல். இன்னொன்று உயிரின் குரல். இரண்டும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கின்றன. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அந்த நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. நீதிபதி மயங்கிக் கிடக்கும்போது வழக்கை நடத்தக் கூடாது. தீர்ப்பை முன்னாலேயே எழுதி வைத்துவிட வேண்டும். தலை குளிர்ந்திருக்கும்போது, வீட்டில் உட்கார்ந்து, "தலை சுற்றினால் நிற்பேன். வெயிலிலும் உடம்பு சில்லிட்டால் நிற்பேன். கூட ஓடுகிறவன் 'நில்லு' என்றால் காரணம் கேட்காமல் நிற்பேன்" என்று முடிவெடுத்துவிட வேண்டும். சாலையில் செய்ய வேண்டியது அந்த முடிவை நிறைவேற்றுவது மட்டும்தான்.

நன்றாகக் கவனித்தால் இதற்கும் மனஉறுதி வேண்டும். கூட்டம் கைதட்டும்போது, இன்னும் இரண்டே கிலோமீட்டர் இருக்கும்போது, கொடுத்த வாக்கை நினைத்து ஓரமாகப் போய் உட்கார்வது லேசான காரியமா என்ன? ஓடுகிற வீரத்துக்குக் கைதட்ட ஆயிரம் பேர் உண்டு. உட்காருகிற வீரத்துக்கு ஒருவரும் கிடையாது.

ஆடிக் கிருத்திகை சமயத்தில் ஒரு முறை திருத்தணிச் சாலையில் நீர்மோர்ப் பந்தல் ஒன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். நகரிப் பக்கத்து ஊர். தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. காவடியைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்த கூட்டம் "அரோகரா" போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டது. அவர் அசையவே இல்லை.

"தாத்தா, உங்க ஆளுங்கள்லாம் போறாங்களே?"

"போகட்டும் நைனா. நான் மெல்ல வரேன்."

"நடுவுல இறக்கி வெச்சா பரவாயில்லையா?"

சிரித்தார். "சாமி எங்க எழுந்து ஓடிடப் போறாரு? மலை அங்கயேதான இருக்குது. நான் போய்ச் சேரணும்ல... அதான் முக்கியம்."

இரண்டு டம்ளர் மோர் குடித்தார். மேல்துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து, காவடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தூக்கினார். அந்த அரை மணி நேரத்தில் அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி ஒரு பொட்டுக்கூட இல்லை. அவருடைய வேண்டுதலில் ஓய்வும் சேர்ந்தே இருந்தது.

அவர் உட்கார்ந்திருந்த பந்தலை யோசித்துப் பாருங்கள். நிற்பவனுக்கு நிழலும் மோரும் தருவதைத் தர்மம் என்று வைத்திருக்கிற ஊர் நம்முடையது. பழைய சாலைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அதற்காகவே தலை உயரத்துக்கு வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். தன் சுமையை இறக்கி வைக்க முடியாமலே போனவளின் பெயரால், மற்றவர்கள் இறக்கி வைக்க ஒரு கல். அதை நட்டவர்கள் யாரும் "சுமையை இறக்கினால் நீ கோழை" என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. நிற்பது என்பது ஓடுகிறவனின் கையில் மட்டும் இல்லை. நிற்க ஒரு இடத்தை மற்றவர்கள் வைத்திருக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டில் கலால் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சில நூறு வேலை. விண்ணப்பம் போட்டவர்கள் லட்சக்கணக்கில். ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓட வேண்டும். மழைக்கால வெக்கை. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் தேர்வைச் சில நாள் நிறுத்தினார்கள்.

அந்தப் பையன்களிடம் போய், "தம்பி, உடம்பு சொல்வதைக் கேட்டு நின்றிருக்கலாமே" என்று சொல்ல நமக்கு வாய் வருமா? நின்றால் வேலை போச்சு. வீட்டில் அப்பா, தங்கை கல்யாணம், வாங்கிய கடன். ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் ஓடுகிறவர் நின்றால் ஒரு பதக்கம் போகும். அடுத்த மாதம் இன்னொரு ஊரில் இன்னொரு பதக்கம். கூலிக்காரர் மகன் நின்றால் வாழ்க்கையே நின்றுவிடும் என்று அவன் நினைக்கிறான். நிற்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. அதனால் நில் என்கிற உபதேசத்தை ஓடுகிறவனுக்குச் சொல்வதோடு விட்டுவிட்டால் அது அரை நியாயம். எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் என்று முடிவு செய்கிறவர்கள் குளிர்சாதன அறையில் தலை குளிர்ந்துதானே உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்கள் முன்னாலேயே எழுதி வைக்க வேண்டிய தீர்ப்பு அது.

கைதட்டுகிற நமக்கும் பங்கு உண்டு. 2006 மே 2-ஆம் தேதி புரியிலிருந்து புவனேஸ்வருக்கு 65 கிலோமீட்டர் ஓடிய புதியா சிங்கை ஞாபகம் இருக்கிறதா? நாலு வயது. ஒடிசாவின் கடலோரக் கோடையில் 7 மணி 2 நிமிடம் ஓடி, அதற்கு மேல் உடம்பு தாங்காமல் சுருண்டான். வழியெல்லாம் ஜனங்கள் உற்சாகப்படுத்தினார்கள். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்து வியந்தோம். நாலு வயதுப் பிள்ளைக்கு நீதிபதி யார்? கூட வந்த பெரியவர்கள்தானே? அவர்களும் கூட்டத்தோடு சேர்ந்து மயங்கிவிட்டால்? குழந்தைகள் நல அதிகாரிகள் பிறகு அவனை அந்த மாதிரி ஓட விடக் கூடாது என்று தடுத்தபோது, திறமையை முடக்குகிறார்கள் என்று கோபப்பட்டவர்களும் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு காட்சி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். முதல்முறையாகப் பெண்களுக்கு மாரத்தான். ஸ்விட்சர்லாந்து வீராங்கனை கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ் ஸ்டேடியத்துக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் இழுத்தபடி வந்த காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். கடைசிச் சுற்றை நடந்து முடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. 37-ஆவது இடம். மனஉறுதிக்கு உதாரணமாக இன்றைக்கும் அதைக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் காட்சியில் அவருக்குப் பக்கத்திலேயே மருத்துவர்கள் நடந்து வருவதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் அவரைத் தொடரவிட்டார்கள். அவரால் முடிவெடுக்க முடியாத நேரத்தில், குளிர்ந்த தலையோடு ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவர் உயிரோடு முடித்ததில் அந்தக் கண்களுக்கும் பங்கு உண்டு.

2019 செப்டம்பரில் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப். பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். வெயில் இல்லைதான். ஆனால் 30 டிகிரிக்கு மேல் சூடும், 70 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதமும் அங்கேயே காத்திருந்தன. 68 பேர் தொடங்கி 40 பேர்தான் முடித்தார்கள். 28 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். உலகத்திலேயே மனஉறுதிக்குப் பேர் போன 28 பெண்கள். அவர்களைக் கோழைகள் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஓட்டத்தை விடுங்கள். நம்மில் எத்தனை பேர் வேறு சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறோம்! ஆபீஸில் ராத்திரி பதினோரு மணிக்கு, "இதை முடிச்சுட்டுப் போயிடறேன்" என்கிறோம். வட்டிக்கு மேல் வட்டி ஏறும் தொழிலில், "இவ்வளவு போட்டாச்சு, இனிமே எப்படி விடறது?" என்று இன்னும் கொஞ்சம் போடுகிறோம். சண்டை ஆரம்பித்துவிட்டால், கடைசி வார்த்தை நம்முடையதாக இருக்கும் வரை நிறுத்துவதில்லை. அங்கேயும் இதே கதைதான். உள்ளே சூடு ஏற ஏற, முதலில் போவது யோசனை. புழுக்கம் என்ற சொல்லை மனசுக்கும் சேர்த்தே தமிழில் வைத்திருக்கிறார்கள். வெளியே காயாத வியர்வை மாதிரி, உள்ளே காயாத கோபம்.

திருத்தணி என்ற பெயருக்கு ஊரில் சொல்லும் காரணம் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. சூரனோடு போர் செய்த சினமும், வள்ளிக்காக வேடர்களோடு மோதிய சினமும் தணிந்து முருகன் வந்து அமர்ந்த மலை என்பதால் தணிகை. மற்ற முருகன் கோயில்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் அது கிடையாது. அன்றைக்கு அங்கே புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூ. தேவர்களின் சேனாபதிக்கே போரை முடித்துவிட்டு ஆறி அமர ஒரு மலை தேவைப்பட்டிருக்கிறது. அந்தத் தணிதலை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு படைவீடு கட்டிக் கும்பிட்டார்கள்.

தாகம் தணியும். காய்ச்சல் தணியும். கோபம் தணியும். தமிழில் இதெல்லாம் ஒரே வினை. தணிவது என்றால் அணைந்துபோவது இல்லை. அடுப்பைத் தணித்து வைத்தால் சோறு பக்குவமாக வேகும். அணைத்துவிட்டால் அரிசியாகவே இருக்கும். எரியவே விட்டால் அடிப்பிடிக்கும். அந்த நடு அளவைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் சமையலில் கைப்பக்குவம் என்று பெயர். வாழ்க்கையில் அதற்கு விவேகம் என்று பெயர்.

அது பழக்கத்தில்தான் வரும். புழுக்கத்தில் ஓட உடம்புக்குக்கூட 10 முதல் 14 நாள் பழக்கம் வேண்டும் என்கிறார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டில் ஓடினால் உடம்பு சீக்கிரமே வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, உப்பை வீணாக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. மனசும் அப்படித்தான். சின்ன விஷயங்களில் நின்று பழகாதவனுக்குப் பெரிய விஷயத்தில் திடீரென்று நிற்க வராது. வாய்ச்சண்டையில் நடுவில் நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் வம்புச் சண்டையிலும் நிறுத்த வரும்.

திருத்தணி மலைக்கு 365 படி. வருடத்துக்கு ஒரு நாள் மாதிரி நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. ஒவ்வொரு டிசம்பர் 31-ஆம் தேதியும் அங்கே படித் திருவிழா நடக்கிறது. பஜனைக் குழுக்கள் வந்து, படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு படிக்கு ஒரு பாட்டு என்று பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். சாதாரணமாக ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாத மலை. அன்றைக்கு ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறார்கள். நின்றவர்கள் யாரும் பின்தங்கியதாக நினைப்பதில்லை. அப்படியும் எல்லோரும் மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.